பதினாலு மாடியும் எங்க அப்பாவும்

வேலை பார்க்கிற கட்டிடத்தைப் பற்றி யாராவது யோசிப்பார்களா? நான் யோசித்ததே இல்லை. காலையில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு காபியை வாங்கிக்கொண்டு, லிஃப்டில் 31-வது மாடிக்குப் போய், நாள் முழுக்கப் பொட்டி தட்டிவிட்டு, சாயங்காலம் அதே லிஃப்டில் இறங்குகிற ஜாதி நான். சிகாகோ டவுன்டவுனில் பத்து வருசத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு.

ஒரு நாள் மதியம், தங்கமணி கட்டிக்கொடுத்த தயிர்சாதம் செரிக்கட்டுமே என்று கீழே ஒரு நடை போனேன். லசால் தெருவும் ஆடம்ஸ் தெருவும் சந்திக்கிற முக்கில் ஒரு வழிகாட்டியம்மா பத்துப் பதினைந்து சுற்றுலாக்காரர்களை நிற்கவைத்து என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓசியில் கிடைக்கிற எதையும் விடக்கூடாது என்பது நம்ம கொள்கை. ஓரமாக நின்று காதைக் கொடுத்தேன்.

உலகத்தின் முதல் வானளாவி என்று பலரும் சொல்கிற கட்டிடம் அந்த முக்கில்தான் நின்றதாம். பேர் ஹோம் இன்சூரன்ஸ் பில்டிங். 1885-ல் வில்லியம் லீ பாரன் ஜென்னி என்கிற பொறியாளர் கட்டியது. வெறும் பத்து மாடி. 1891-ல் மேலே இன்னும் இரண்டு மாடி ஏற்றினார்கள். 1931-ல் இடித்தும் விட்டார்கள். அதுவரை உயரமான கட்டிடம் என்றால் சுவர்தான் பாரத்தைத் தாங்கும். மேலே போகப் போகக் கீழ்ச்சுவரைத் தடியாக்கிக்கொண்டே போக வேண்டும். ஜென்னியோ இரும்பு, எஃகுச் சட்டம் ஒன்றை நிறுத்தி, பாரத்தில் பெரும்பகுதியை அதன் தலையில் ஏற்றினார். நம்ம உடம்பை எலும்பு தாங்குகிற மாதிரி.

எனக்குப் பொறி தட்டியது ஜென்னியில் இல்லை, 'இன்சூரன்ஸ்' என்கிற வார்த்தையில். ஏனென்றால் எனக்குத் தெரிந்த முதல் வானளாவியும் ஒரு இன்சூரன்ஸ் கட்டிடம்தான். நம்ம எல்ஐசி. சினிமாவில் கிராமத்து ஹீரோ சென்ட்ரலில் மஞ்சப்பையோடு இறங்கினால் அடுத்த ஷாட்டில் வருமே, அதே எல்ஐசி. அதைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அது எனக்குப் பழக்கம், எங்க அப்பா வழியாக. இங்கே கொஞ்சம் கொசுவர்த்தியைச் சுற்றியாக வேண்டும்.

எங்க ஊர் அம்பூரி. நெய்யாறு அணையின் தேக்கத்தை ஒட்டிய மலையடிவாரம். வெள்ளறடையைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்துகாணி. அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். தமிழ் எழுதப் படிக்க எனக்குச் சொல்லித்தந்தது அப்பா. அப்பாவுக்குச் சொல்லித்தந்தது மெட்ராஸ் பஸ் போர்டுகளும் டீக்கடைப் பேப்பரும்.

அப்பா கொத்தனார். 1971-ல், இருபத்தொரு வயதில், கப்பையும் ரப்பரும் நம்மளைக் கரையேற்றாது என்று மெட்ராசுக்கு ரயிலேறியவர். ஏழெட்டு வருசம் கழித்துத் திரும்பி வந்து, கல்யாணம் கட்டி, ஊரிலேயே வேலை பார்த்தார். ராத்திரி கஞ்சி குடித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தால் மெட்ராஸ் கதைதான். அதில் கிரீடம் வைத்த கதை இது: "மவுண்ட் ரோட்டுல ஒரு பதினாலு மாடி உண்டு மக்ளே. அத கெட்டுனதுல எனக்க கையும் உண்டு."

பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமில்லை.

பொறியியல் முடித்து வேலை தேடி 2002-ல் சென்னைக்குப் போனபோது அண்ணா சாலையில் நின்று அதை அண்ணாந்து பார்த்தேன். கண் கலங்கியது என்று எழுத ஆசைதான். உண்மையில் வெயில் மண்டையைப் பிளந்தது, இன்டர்வியூவுக்கு நேரமாகியிருந்தது. ஆனால் மனசில் ஒரு மிதப்பு இருந்தது. எங்க அப்பா கட்டினதாக்கும்!

கொஞ்ச நாளில் ஒரு பத்திரிகையில் அதன் வரலாற்றைப் படித்தேன். திறந்தது 1959-ல். அப்பா பிறந்தது 1950-ல்.

பிறகு நடந்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. 2003-ல் சித்தப்பா புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. புதுக் காங்கிரீட் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்பா நாலு பேருக்கு நடுவில் பதினாலு மாடிக் கதையைத் தொடங்கினார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைத் தொங்கவிட ஆரம்பித்த புதிது எனக்கு. உலகத்துக்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வயசு.

"அப்பா, அத 1959-லயே திறந்தாச்சு. அன்னைக்கு உங்களுக்கு வயசு ஒம்பது. ஒம்பது வயசுல நீங்க என்னத்த கட்டுனிய?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பாயசம் ஆச்சா என்று பார்க்கிற மாதிரி எழுந்து அடுக்களைப் பக்கம் போனார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவே இல்லை. இருபது வருசம்.

நான் அமெரிக்கா வந்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள், வீட்டுக்கடன் வந்தது, முடி போனது. அப்பா சொல்வதை நிறுத்திவிட்டார் என்பதைக் கூட நான் கவனிக்கவில்லை.

2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை, படுக்கையில் கிடந்தபடி போனைத் திறந்தால் எல்ஐசி கட்டிடத்தில் தீ என்று வீடியோ வந்து குவிந்திருந்தது. மொட்டைமாடியில் இருந்த பெயர்ப்பலகை எரிந்துகொண்டிருந்தது. பெரிய சேதம் இல்லை. சும்மா இருக்கட்டும் என்று அதை அப்பாவுக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டேன். இரண்டாவது நிமிடம் அவரே கூப்பிட்டார். காசு போகும் என்று வெளிநாட்டுக்குத் தானாகப் போன் போடாத மனிதர்!

"லேய் மக்ளே, இது போர்டு எரியதாக்கும். இது ஒரு தீயா? அன்னைக்கு எரிஞ்சத நீ கண்டிருக்கணும்."

"என்னைக்குப்பா?"

"எழுவத்தஞ்சுல. ஆடி பொறக்கியதுக்கு முன்ன. மாடி மாடியாட்டு எரிஞ்சுதுல்லா."

"நீங்க பாத்தியளா?"

"பாத்தேனாவா? அதுக்க பொறவு அங்க இல்லியா நான் வேலை செஞ்சேன்."

ஙே என்று முழித்தேன். 1975 ஜூலை 11-ல் எல்ஐசி கட்டிடத்தில் பெரும் தீவிபத்து. நான் படித்த கட்டுரையிலேயே அது ஒரு வரியாக இருந்தது. 1959-ஐப் பிடித்துக்கொண்ட அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"அப்போ, கட்டுனேன்னு நீங்க சொன்னது..."

"எரிஞ்சத பின்ன யாரு கெட்டுனா? அது தானே கெட்டிக்கிடுமா?"

"ஏம்ப்பா அன்னைக்கே சொல்லல?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "நீ கேக்கலியே மக்ளே. கணக்கு சொன்ன. கணக்கு சரிதான்."

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவிடம் கேட்டேன். ஒரு மேஸ்திரியோடு பத்துப் பேர் போனார்களாம். கரி பிடித்த பூச்சை உளிவைத்து உதிர்க்கிறதுதான் முதல் வேலை. அடுத்தது தட்டிப் பார்க்கிறது. சுத்தியலால் தூணைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'டொக்கு' என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அங்கே சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட இடத்தைக் கம்பி தெரிகிறவரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, திரும்பப் பூச வேண்டும். "சில இடத்துல காங்கிரீட்டு ரோஸ் நிறமாயிட்டு மக்ளே, கல்யாணப் பந்தல் பேப்பர் கணக்கா" என்றார்.

கட்டுமானப் பொறியாளரான நண்பர் ஒருத்தரிடம் இதைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடேறினால், கலந்திருக்கிற ஜல்லி, மணலில் உள்ள இரும்புச் சத்தினால் காங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறுமாம். தீப்பிடித்த கட்டிடத்தில் எந்த இடம் எவ்வளவு வெந்தது என்று கண்டுபிடிக்க, நிறமும் சுத்தியல் சத்தமும்தான் இன்றைக்கும் முதல் சோதனை என்றார். "உங்கப்பா பார்க்காமல் இதைச் சொல்லியிருக்க முடியாது."

ஆக, எங்க அப்பா சொன்னதற்குச் சாட்சி காங்கிரீட்டின் நிறம்.

பிறகுதான் அந்தக் கட்டிடத்தின் கதையை நிதானமாகத் திரும்பப் படித்தேன். அதைக் கட்ட நினைத்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர். தன்னுடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தலைமையகமாக அன்றைய மவுண்ட் ரோட்டில் ஒரு உயர்ந்த கட்டிடம் வேண்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் ஆசைப்பட்டார். 1954 மார்ச் 13-ல் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். தன் கட்டிடத்தை அவர் முழுசாகப் பார்க்கவில்லை.

வரைந்தவர்கள் பிரவுன், மௌலின் என்ற இரண்டு பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்கள். பாதியில் லண்டனுக்குத் திரும்பிவிட்டார்கள். முடித்துக் கொடுத்தவர் மெட்ராசின் எல்.எம். சித்தாலே. கட்டுமானம் கோரமண்டல் இன்ஜினியரிங் கம்பெனி. சுண்ணாம்பும் செங்கலுமாகக் கட்டிப் பழகிய ஊருக்கு, காங்கிரீட் தூண்கள் பாரத்தைத் தாங்குகிற 177 அடிக் கட்டிடம் புதுசு. செலவு ஏறக்குறைய 87 லட்சம். நடுவில் முதலாளியும் மாறியாயிற்று. 1956 செப்டம்பர் 1-ல் எல்ஐசி பிறந்தது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகிய அந்தக் கணக்கில் யுனைடெட் இந்தியாவும் போனது, கட்டிடமும் போனது.

அதிலிருந்து சரியாக இரண்டு மாசம் கழித்து, 1956 நவம்பர் 1-ல், எங்க ஊருக்கும் கணக்கு மாறியது. திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களில் நான்கு மெட்ராஸ் மாநிலத்துக்குப் போயின. தமிழர்கள் கேட்டவற்றில் நெய்யாற்றின்கரையும் உண்டு. ஆனால் அது கேரளத்திலேயே நின்றது. ஆறு வயசுப் பையனான எங்க அப்பா இருந்த இடத்தில் இருந்தபடியே வேறு மாநிலத்துக்காரர் ஆனார். பதினைந்து வருசம் கழித்து அவர் மெட்ராசில் இறங்கியபோது அங்கே அவருக்குப் பேர் 'மலையாளத்தான்'. ஊரிலோ 'பாண்டி'. இதைச் சொல்லும்போதும் அப்பா சிரிக்கத்தான் செய்தார்.

1959 ஆகஸ்ட் 23-ல் அன்றைய மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கட்டிடத்தைத் திறந்துவைத்தார். இந்தியாவிலேயே உயரமானது என்ற பெருமை இரண்டு வருசம்தான். 1961-ல் பம்பாயின் உஷா கிரண் அதை முந்தியது. சென்னையில் மட்டும் முப்பது வருசத்துக்கும் மேலாக அதுதான் ராஜா.

இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஏன் இந்த உயர மோகம் என்று யோசித்துப் பார்த்தேன். சிகாகோவில் ஹோம் இன்சூரன்ஸ். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் லைஃப், 1909-ல் உலகத்திலேயே உயரமான கட்டிடம் அதுதான். மெட்ராசில் யுனைடெட் இந்தியா. இவர்கள் விற்பது வெறும் காகிதம். இன்றைக்குப் பணத்தைக் கொடு, முப்பது வருசம் கழித்து உன் பெண்டாட்டி பிள்ளைக்குத் தருகிறேன் என்கிற வாக்கு. அதை நம்பவைக்க, "பார், நாங்கள் எங்கேயும் ஓடிவிட மாட்டோம்" என்று சொல்கிற மாதிரி ஒன்று நின்றாக வேண்டும். சேர்ந்த பிரீமியப் பணத்தை நிலத்திலும் வாடகையிலும் போட்டுவைப்பதும் ஒரு கணக்கு.

சரி, இதில் எல்ஐசியைக் கட்டியது யார்? நினைத்தவர் பார்க்கவில்லை. வரைந்தவர்கள் முடிக்கவில்லை. திறந்தவர் ஒரு செங்கல்லும் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார். ஆனாலும் இவர்கள் பேரெல்லாம் இருக்கிறது, நான் மேலே எழுதியே விட்டேன். வெந்த தூணைத் தட்டிப் பார்த்து வட்டம் போட்டவர்கள் பேர் எதிலும் இல்லை. பழுது பார்க்கிற வேலையே அப்படித்தான். நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது.

ஊரிலும் அப்பா அதே வேலையைத்தான் செய்திருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது. 2001 நவம்பர் 9 ராத்திரி அம்பூரியில் உருள்பொட்டி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். அப்பா மண் தோண்டப் போனவர். அதன் பிறகு வந்த மாதங்களில், விரிசல் விட்ட சுவர்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லி மலைச்சரிவு வீட்டுக்காரர்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். சாக்பீஸ் வட்டத்தோடு சில வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். என்ன வட்டம் என்று கேட்டதில்லை.

சிகாகோவில் என் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருமுனை ஒன்றுக்கு ஃபஸ்லுர் ரஹ்மான் கான் பேரை வைத்திருக்கிறார்கள். டாக்காவில் படித்து, 1952-ல் இங்கே வந்து, சியர்ஸ் டவரின் 110 மாடியும் காற்றில் ஆடாமல் நிற்க வழி கண்டுபிடித்த வங்காளி. நம்ம பக்கத்து மனுசன் பேர் டவுன்டவுனில் பலகையாக நிற்கிறதே என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அவர்களின் சொந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல மட்டும் எனக்கு எதுவும் இல்லாமல் இருந்தது.

2024 கோடை லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேரப்பிள்ளைகளும் கூட. எழும்பூரில் இறங்கி மெட்ரோ பிடித்து, சென்ட்ரலில் மாறி, எல்ஐசி என்றே பேர் வைத்திருக்கிற நிலையத்தில் இறங்கினோம். நகரும் படிக்கட்டில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே வந்து வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி நின்றார். வயசு எழுபத்து நாலு. விரலை நீட்டிக் கீழிருந்து மாடிகளை எண்ண ஆரம்பித்தார். நடுவில் கணக்கு தப்ப, திரும்ப முதலிலிருந்து.

"எவ்வளவு சின்னதாயிட்டு" என்றார். அது சின்னதாகவில்லை, சுற்றியிருக்கிறது எல்லாம் வளர்ந்துவிட்டது.

வாசல் பக்கம் போனோம். காவலாளி வந்து என்ன வேண்டும் என்றார்.

"நான் இங்க வேலை பாத்தவனாக்கும்" என்றார் அப்பா.

வேட்டி சட்டை, வெள்ளை முடி, பக்கத்தில் அமெரிக்க டீ-ஷர்ட் போட்ட பேரப்பிள்ளைகள். காவலாளி மரியாதையாக, "எந்த டிபார்ட்மென்ட் சார்? எப்போ ரிட்டயர் ஆனீங்க?" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பால்காய்ச்சு வீட்டில் பார்த்த அதே பார்வை. நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று.

"ஆபீசர் இல்லைண்ணே" என்றேன். "இந்தக் கட்டிடத்தைக் கட்டினவங்கள்ல ஒருத்தர். எழுபத்தஞ்சுல தீப்பிடிச்சதுல்ல, அப்போ."

காவலாளி அப்பாவின் கையைப் பார்த்தார். சிமென்ட் தின்ற கை, பொய் சொல்லாது. "அப்படியா ஐயா? வெயில்ல நிக்காதீங்க, இந்தப் பக்கம் நிழல்ல வாங்க" என்று தள்ளி நின்றார்.

அப்பா மெதுவாகப் போய் ஒரு தூணில் கையை வைத்தார். பிறகு விரலை மடக்கி முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் காதைக் கொடுத்தார். என் சின்ன மகள் ஓடிப்போய் அவளும் காதை வைத்தாள்.

"என்ன தாத்தா கேக்குது?"

"நல்லா இருக்கு மக்ளே" என்றார். "ஒண்ணும் பேடிக்காண்டாம்."

ஊருக்குத் திரும்பியதும் பதினாலு மாடிக் கதை முற்றத்தில் மறுபடி ஆரம்பமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தீ ஒரு மாடி அதிகமாக எரிகிறது. நான் கணக்குச் சொல்வதில்லை.